ஒரே நாளில் தீவகம்: குடும்பத்தோடு முதல் முறை போகிறவர்களுக்கு

யாழ்ப்பாணத்துக்கு வருகிற பல குடும்பங்களுக்கு, பக்கத்துத் தீவுகளான தீவகம் என்றால் நயினாதீவு அம்மன் கோயில் மட்டும்தான். வான் வண்டியை ஒரே மூச்சில் குறிகட்டுவான் படகுத்துறைக்கு விட்டு, அம்மனைக் கும்பிட்டுவிட்டு, வந்த வழியே திரும்பிவிடுகிறார்கள். வேலணை, புங்குடுதீவு என்று தீவு தீவாகத் தாண்டிப் போனதே பிள்ளைகளுக்குத் தெரியாது. கொஞ்சம் திட்டமிட்டால் அதே ஒரு நாளில் ஊர்காவற்றுறை, காரைநகர் வரை வட்டமாகச் சுற்றி வரலாம்.

1. காற்றைப் பார்த்து மாதத்தை முடிவு செய்யுங்கள்

பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். மே மாதத்துக்குப் பிறகு சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும்போது படகு நன்றாக ஆடும். அப்போது போவதென்றால் காலைப் படகையே பிடியுங்கள். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. சின்னப் பிள்ளைகளோடு அந்த மாதங்களில் போக வேண்டாம் என்பேன்.

2. முதல் நாள் இரவே எடுத்து வைக்க வேண்டியவை

குடிதண்ணீர்தான் முதலில். தீவகத்தில் பல கிணறுகள் உவர்ப்பு. ஆளுக்கு இரண்டு போத்தலாவது வேண்டும். காலைச் சாப்பாட்டுக்கு இடியப்பமோ புட்டோ கட்டிக்கொள்ளுங்கள். ஆண்களுக்கு வேட்டி, எல்லோருக்கும் தோளும் காலும் மூடும் உடை, ஒரு மாற்றுடுப்பு, தொப்பி. எரிபொருளை நகரத்திலேயே நிரப்பிவிடுங்கள்.

3. காலை ஏழு மணிக்குள் பண்ணை

யாழ்ப்பாணக் கோட்டையைக் கடந்தவுடனே பண்ணைப் பாலம். இரண்டு பக்கமும் கடல். வானை ஓரமாக நிறுத்தக்கூடிய இடம் பார்த்து இறங்குங்கள். பத்து நிமிடம் போதும், ஆனால் அந்தப் பத்து நிமிடத்தைத் தவற விடாதீர்கள்.

ஆழமில்லாத தண்ணீரில் வரிசையாகத் தடிகள் நட்டிருப்பது தெரியும். அது சிறகுவலை. தடிகளில் கட்டிய வலை ஒரு நீண்ட வேலியாக நிற்கும். நீந்தி வரும் மீன் வேலியில் முட்டி, அதன் ஓரமாகவே போய், கடைசியில் இருக்கும் கூட்டுக்குள் மாட்டிக்கொள்ளும். மீனவர் இடுப்பளவு தண்ணீரில் நடந்து போய் அள்ளிக்கொண்டு வருவார். பிள்ளைகளிடம் முதலில் விளக்கிவிடாதீர்கள். எந்தப் பக்கத்தால் மீன் உள்ளே போகும் என்று அவர்களையே கண்டுபிடிக்க விடுங்கள்.

அப்புறம் அல்லைப்பிட்டி, மண்கும்பான் வழியாக வேலணை. அங்கிருந்து கடலுக்குக் குறுக்கே போட்ட வீதியான வாணர் தாம்போதியைக் கடந்தால் புங்குடுதீவு. இங்கே நிற்க வேண்டாம், திரும்பி வரும்போது பார்க்கலாம். படகுதான் இப்போது முக்கியம்.

4. குறிகட்டுவானில் படகு ஏறுவது

வானை இறங்குதுறைப் பக்கம் விட்டுவிட்டுப் போகவேண்டும். நயினாதீவுக்குக் கால் மணி நேரம் வரும். அதே துறையிலிருந்து நெடுந்தீவுக்கும் படகு போகும். ஆசை வரும். ஆனால் அது ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடல். காட்டுக் குதிரைகள், பவளக்கல் வேலிகள் என்று பார்க்கவும் நிறைய உண்டு. அதற்குத் தனியாக ஒரு நாள் கொடுங்கள்.

வயதானவர்கள் ஏறும்போது அவசரப்படுத்தாதீர்கள். பலமான ஒருவர் முதலில் படகில் ஏறி நிற்கட்டும், இன்னொருவர் துறையில் நிற்கட்டும். படகு அலையோடு மேலே எழும்பித் துறைமட்டத்துக்கு வரும் நேரத்தில்தான் அம்மம்மா காலை வைக்க வேண்டும். உள்ளே இறங்கும்போது தலை இடிக்கும், குனிந்து போங்கள். குமட்டல் வருகிறவர்களை எஞ்சின் பக்கம் இருத்தாதீர்கள். பாதுகாப்பு அங்கியைக் கேட்டு வாங்கிப் பிள்ளைகளுக்குப் போட்டுவிடுங்கள். கூட்டமென்றால் அடுத்த படகில் போகலாம்.

5. நயினாதீவில்: முதலில் விகாரை, பிறகு கோயில்

பெரும்பாலானோர் இதை மாற்றிச் செய்வார்கள். ஒன்பது, பத்து மணிக்கு வெயில் ஏறுமுன் நாகவிகாரைக்கு நடந்துவிடுங்கள். மணி ஆசனத்துக்காகச் சண்டையிட்ட இரண்டு நாக அரசர்களைப் புத்தர் இங்கே சமாதானப்படுத்தினார் என்பது பௌத்தர்களின் ஐதீகம். புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

பிறகு நாகபூசணி அம்மன் கோயில். மத்தியானப் பூசைக்கு நின்று, அன்னதானத்தில் சாப்பிட்டால் அன்றைய சமையல் கவலையே இல்லை. ஆனித் திருவிழாக் காலத்தில் சனம் அலைமோதும். அந்த நாட்களில் இந்தச் சுற்றுப் பயணத்தை வைக்காதீர்கள்.

6. புங்குடுதீவில் மெதுவாக

திரும்பி வரும்போது உள்வீதிகளால் கொஞ்சம் ஓட்டுங்கள். பனைகளுக்கு நடுவே பெரிய பெரிய வீடுகள், கூரையில்லாமல் நிற்கும். 1990களின் தொடக்கத்தில் இராணுவம் தீவகத்தைப் பிடித்தபோது ஊரே இடம்பெயர்ந்தது. அந்தக் குடும்பங்களில் பல இன்று கொழும்பிலும் பாரிஸிலும் ரொறன்ரோவிலும் இருக்கின்றன. வளவுகளுக்குள் புகாமல் வீதியிலிருந்தே பாருங்கள். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகள் கூட இருந்தால், இந்த இடத்தில் அரை மணி நேரம் கூடுதலாகச் செலவழித்தாலும் பரவாயில்லை. கேள்விகள் வரும், பதில் சொல்லுங்கள்.

7. ஊர்காவற்றுறை, பாதை, காரைநகர்

புங்குடுதீவிலிருந்து வேலணைக்குத் திரும்பி ஊர்காவற்றுறைக்குப் போங்கள். அங்கே துறையில் நின்றால் கடலுக்கு நடுவே ஒரு கோட்டை தெரியும். போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றியது. பின்னாளில் சிறையாக இருந்து, இப்போது கடற்படை நடத்தும் விடுதி.

இங்கிருந்து காரைநகருக்குப் பாதை, அதாவது வாகனங்களையும் ஏற்றும் மிதவைப் படகு, ஓடும். எப்போதும் ஓடும் என்று நம்பிப் போகாதீர்கள். ஓடுகிறதா, உங்கள் வாகனத்தை ஏற்றுமா என்று காலையிலேயே ஊர்க்காரர் யாரிடமாவது விசாரியுங்கள். ஏற்றினால் அக்கரையில் கசூரினா கடற்கரை. ஆழமில்லாத, அலை குறைந்த கடல். பிள்ளைகளை இறக்கிவிட்டுப் பெரியவர்கள் கரையில் தேத்தண்ணி குடிக்கலாம், கண் மட்டும் தண்ணீரில் இருக்கட்டும். இருட்டுமுன் புறப்பட்டால் பொன்னாலைப் பாலத்தால் யாழ்ப்பாணம் சேரலாம்.

பாதை ஓடாவிட்டால் வேலணைக்குத் திரும்பிச் சாட்டிக் கடற்கரையில் குளித்துவிட்டுப் பண்ணையால் வீடு வாருங்கள். காரைநகரை இன்னொரு நாள் பின்னேரம் யாழ்ப்பாணத்திலிருந்தே நேரே போய்ப் பார்க்கலாம், படகும் தேவையில்லை.