கிருஷ்ணகிரியிலிருந்து ஒரே நாளில் செஞ்சிக் கோட்டையும் கடலும்: தனி வண்டி, உள்ளூர் வழிகாட்டியோடு போய்வருவது எப்படி

முதல் தடவை போனபோது இரவு 12.40க்கு வீடு வந்து சேர்ந்தோம். அந்த நாற்பது நிமிடத்துக்காக இன்னொரு நாள் வாடகையும் இன்னொரு நாள் டிரைவர் பேட்டாவும் சேர்த்துக் கட்டினேன். இத்தனைக்கும் செஞ்சி மலையில் ஏறவே இல்லை. கடலை இருட்டில்தான் பார்த்தோம், சத்தம் மட்டும் நன்றாகக் கேட்டது. போன ஜனவரியில் அதே ஆட்களோடு மறுபடி கிளம்பினோம். மலை உச்சி வரை ஏறி, வெளிச்சத்தில் கடலைப் பார்த்து, பத்தே முக்காலுக்கெல்லாம் வாசலில் செருப்பைக் கழற்றியாகிவிட்டது. நடுவில் எதையெல்லாம் மாற்றினேன் என்று சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கேட்கிறார்கள். எல்லாருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

வழி இதுதான்: கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம், மரக்காணம், கடப்பாக்கம். போக மட்டும் ஏறக்குறைய 220 கிலோமீட்டர். தருமபுரிக்காரர்கள் அரூர் வழியாகத் திருவண்ணாமலையைப் பிடிக்கலாம், அதற்கு அப்புறம் எல்லாம் ஒன்றுதான்.

முதலில் நாள்காட்டி

தேதி குறிக்கும் முன் பௌர்ணமி என்றைக்கு என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், நான் பார்க்கவில்லை. சனிக்கிழமை, லீவு, எல்லாருக்கும் வசதி என்று குறித்துவிட்டேன். செங்கம் தாண்டியதுமே முன்னால் வண்டிகள் நத்தை மாதிரி ஊர்ந்தன. திருவண்ணாமலையில் கிரிவலத்துக்காகப் பாதைகளை மாற்றிவிட்டிருந்தார்கள். ஊரைச் சுற்றி வெளியே வருவதற்கே இரண்டு மணி நேரம் போனது. என் அத்தைக்கு மட்டும் சந்தோஷம், வண்டிக்குள் உட்கார்ந்தபடியே மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பௌர்ணமிக்கு முன்னும் பின்னும் ஒரு நாள் விட்டுவிடுங்கள். கார்த்திகை தீப நாட்களில் இந்தப் பக்கமே நினைக்க வேண்டாம்.

மாதம் என்று கேட்டால் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. மார்ச்சுக்கு அப்புறம் செஞ்சிப் பாறை தோசைக்கல்தான்.

நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

நான் சறுக்கிய இடம் இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வெளியூர் வாடகையில் ‘ஒரு நாள்’ என்றால் நாம் கிளம்பியதிலிருந்து 24 மணி நேரம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். காலை ஏழுக்குக் கிளம்பினால் மறுநாள் ஏழு வரை என்று கணக்கு. ஆனால் பெரும்பாலான வண்டிக்காரர்களுக்கு நாள் என்பது நள்ளிரவு 12 மணியோடு முடிகிறது. 12 தாண்டினால் அடுத்த நாள் வாடகை ஆரம்பம். இதை யாரும் மறைக்கவில்லை, நான்தான் கேட்கவில்லை.

இதோடு ‘ஷெட்டிலிருந்து ஷெட்டுக்கு’ என்ற ஒன்றும் உண்டு. கிலோமீட்டரும் நேரமும் உங்கள் வீட்டு வாசலில் தொடங்காது. வண்டி நிற்கும் ஷெட்டிலிருந்து எடுத்து, திரும்ப அங்கே போய் நிற்கும் வரை கணக்கு ஓடும். எங்களுக்கு வந்த வண்டி ஓசூரிலிருந்து வந்தது. போக வர நூறு கிலோமீட்டர் நாங்கள் உட்காராமலே ஓடியது. ஆகவே வண்டியை உங்கள் ஊரிலேயே பிடியுங்கள்.

இரண்டாம் முறை தாளில் கீழிருந்து மேலே எழுதினேன். வீட்டுக்கு வர வேண்டியது 10.45, அதாவது டயர் பஞ்சரானாலும் 12க்குள் வர ஒன்றேகால் மணி நேரம் கையிருப்பு. அப்படியானால் திருவண்ணாமலையில் இரவுச் சாப்பாடு 8 மணிக்கு. கடற்கரையை விட்டுக் கிளம்புவது 5.15. கடற்கரைக்குப் போய்ச் சேர்வது 3.15. செஞ்சியில் சாப்பிட்டுக் கிளம்புவது 1.15. மலையிலிருந்து இறங்குவது 12.15. ஏறத் தொடங்குவது 9. அப்படியென்றால் கிருஷ்ணகிரியில் வண்டி ஸ்டார்ட் ஆவது காலை 5. இந்த ஐந்து மணிதான் எல்லாவற்றுக்கும் அச்சாணி. “ஆறு மணிக்குப் போகலாமே” என்று வீட்டில் ஒருவர் கட்டாயம் சொல்வார். விட்டுக்கொடுக்காதீர்கள்.

இதற்கெல்லாம் செயலி எதுவும் வேண்டாம். நான்கு செயலிகளில் பயணத் திட்டம் போட்டுப் பார்த்தேன், ஒன்றுக்கும் நம்மூர் டீக்கடை நிறுத்தம் தெரியவில்லை. அரைத்தாள், பேனா போதும். கூகுள் மேப்ஸில் மட்டும் அந்தப் பகுதி வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். டிரைவரிடம் ‘ஊத்தங்கரை, செங்கம் வழி’ என்று வாயாலும் சொல்லிவிடுங்கள், மேப் சில சமயம் திருப்பத்தூர் பக்கம் இழுக்கும்.

வண்டிக்காரரிடம் கேட்க வேண்டியவை

போனில் பேசி முடித்ததும் வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியாக எழுதி அனுப்பி, ‘சரி’ என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். கிலோமீட்டருக்கு எவ்வளவு, குறைந்தபட்சம் எத்தனை கிலோமீட்டருக்குக் கட்ட வேண்டும், பேட்டா எவ்வளவு, டோல் யார் பொறுப்பு, நாள் எப்போது முடிகிறது, கணக்கு எங்கிருந்து எங்கே. ஏறும்போது மீட்டர் எண்ணைப் போட்டோ எடுங்கள். டிரைவர் அண்ணா தப்பாக நினைப்பாரோ என்று எனக்குத் தயக்கமாக இருந்தது. அவரே “எடுத்துக்குங்க சார், எனக்கும் நல்லது” என்றார்.

மஞ்சள் போர்டு வண்டிதான் எடுக்க வேண்டும். தெரிந்தவர் வெள்ளை போர்டு வண்டியைக் குறைந்த வாடகைக்குத் தருகிறார் என்றால் வேண்டாம். விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ் கைவிட்டுவிடும்.

கால்களுக்கு ஒரு பரீட்சை

போவதற்கு ஒரு வாரம் முன்பு நம்மூர் சையத் பாஷா மலையில் ஏறிப் பாருங்கள். அதுவும் கோட்டை மலைதான். 1791 நவம்பரில் மேக்ஸ்வெல் தலைமையில் வந்த ஆங்கிலேயப் படை கீழ்க்கோட்டை வரை பிடித்துவிட்டு, மேல்கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பிப் போனது. மறு வருடம் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் (நம் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதி) முழுக்கக் கும்பினியார் கைக்குப் போனபோதுதான் இதுவும் போனது. அவர்களாலேயே முடியாத ஏற்றத்தில் யாரெல்லாம் தரிக்காமல் போய் வருகிறார்களோ, அவர்கள் செஞ்சிக் கோட்டையின் பெரிய மலையான ராஜகிரிக்கு ஏறலாம். பாதியில் உட்கார்ந்துவிட்டவர்கள் செஞ்சியில் கீழேயே இருக்கட்டும், அங்கே பார்க்க நிறைய இருக்கிறது. எங்கள் வீட்டில் இந்தப் பரீட்சையில் என் மச்சான் தேறவில்லை, அறுபத்தெட்டு வயது அப்பா தேறினார்.

வழிகாட்டி

நாள் முழுக்க வழிகாட்டி தேவையில்லை என்பது என் கருத்து. கோட்டைக்கு மட்டும் மூன்று மணி நேரம், செஞ்சிக்காரர் ஒருவர் போதும். கிருஷ்ணகிரியிலிருந்தே ஒருவரைக் கூட்டிப்போனால் வண்டியில் ஓர் இடம் போகும், மதியத்துக்கு மேல் அவருக்கும் பேச எதுவும் இருக்காது. செஞ்சியில் தெரிந்தவர்கள், லாட்ஜ், ஓட்டல் என்று யாரிடமாவது கேட்டு முதல் நாளே போனில் பேசிவிடுங்கள்.

பேசும்போது மறக்காமல் கேட்க வேண்டியது: “மேலே உச்சி வரைக்கும் கூட வருவீங்களா?” முதல் முறை வந்தவர் அடிவாரத்திலேயே தேசிங்கு ராஜன் கதையை உருக்கமாகச் சொல்லிவிட்டு, “மேலே நீங்க போய்ட்டு வாங்க சார், நான் இங்கயே இருக்கேன்” என்று வேப்பமர நிழலில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு எங்களையும் மேலே விடவில்லை என்பது வேறு கதை. மூன்று மணி நெருங்கியிருந்தது, பிற்பகலில் ராஜகிரிக்கு ஏற அனுமதி இல்லை என்று காவலர் சொல்லிவிட்டார்.

மலை

திருவண்ணாமலையிலிருந்து வந்தால் செஞ்சி ஊருக்கு முன்பே கோட்டை வந்துவிடும். ஊருக்குள் போய்த் தேடாதீர்கள். டிக்கெட் எங்களுக்கு ஆளுக்கு 25 ரூபாய், பதினைந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம். அந்த டிக்கெட்டைப் பத்திரமாக வையுங்கள், எதிரே இருக்கும் இன்னொரு மலைக்கும் அதுவேதான். அந்த மலையின் பெயர் என்ன தெரியுமா? கிருஷ்ணகிரி. விடிகாலை கிருஷ்ணகிரியிலிருந்து கிளம்பி மூன்றரை மணி நேரம் பயணம் செய்து கிருஷ்ணகிரி வந்து சேர்ந்ததாக என் மகள் வகுப்பில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஒரே நாளில் இரண்டு மலையும் வேண்டாம், ராஜகிரி போதும்.

உயரம் சுமார் 800 அடி. எங்களுக்கு ஏற ஒன்றேகால் மணி நேரம் ஆனது. கையில் கவர் எதுவும் கூடாது. குரங்குகளுக்குப் பாலித்தீன் சத்தம் கேட்டால் போதும். காவேரிப்பட்டணம் நிப்பட்டு ஒரு பாக்கெட்டை முதல் வளைவிலேயே பறிகொடுத்தோம். ஜிப் வைத்த முதுகுப் பை, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், நல்ல பிடிப்புள்ள செருப்பு அல்லது ஷூ.

உச்சிக்குச் சற்று முன்னால் பாறை இரண்டாகப் பிளந்து நிற்கிறது. ஏறக்குறைய 24 அடி அகலம், 60 அடி ஆழம். மேலே ஒரு பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் உச்சிக்குப் போக வேறு வழியில்லை. எங்கள் வழிகாட்டி அந்த இடத்தில்தான் வரலாற்றை ஆரம்பித்தார். அதற்காகவே அவரை மெச்ச வேண்டும். 1677இல் சிவாஜி இந்தக் கோட்டையைப் பிடித்தது, அவர் மகன் ராஜாராம் இங்கே வந்து தங்கியது, முகலாயப் படை 1690 முதல் 1698 வரை வெளியே காத்துக் கிடந்தது எல்லாம் புத்தகத்தில் படிக்கும்போது வெறும் வருடங்கள். அந்தப் பிளவை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டபோது, எட்டு வருடம் ஏன் ஆயிற்று என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 2025 ஜூலையில் மராட்டிய ராணுவக் கோட்டைகள் என்ற தொகுப்பில் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பன்னிரண்டு கோட்டைகளில் மகாராஷ்டிராவுக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான்.

கீழே இருப்பவர்களுக்குக் கல்யாண மகால், நெற்களஞ்சியங்கள், வெங்கடரமணர் கோயில். மச்சான் களஞ்சியத்துக்குள் போய் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு எதிரொலி கேட்டுக்கொண்டிருந்தாராம்.

கடல்

எல்லாரும் புதுச்சேரி என்பார்கள். ஒரு நாள் பயணத்துக்கு அது சரிப்படாது. நெரிசலில் ஒரு மணி நேரம், வண்டி நிறுத்த அரை மணி நேரம். அதற்குப் பதில் மரக்காணம் வழியாகக் கடப்பாக்கம் போங்கள். மரக்காணத்தில் உப்பளங்களுக்கு அருகில் ஐந்து நிமிடம் நிறுத்தினால் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஜனவரியில் போனால் பாத்திகளில் தண்ணீர்தான் இருக்கும், வெள்ளைக் குவியல் பார்க்க வெயில் ஏற வேண்டும்.

கடப்பாக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை. செங்கல், சுண்ணாம்புச் சுவர்கள், அரைகுறையாக நிற்கின்றன. ஒரு பக்கம் கழிமுகம், அந்தப் பக்கம் மணல்திட்டு, அதற்கப்பால் கடல். 1750இல் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்குக் கொடுக்கப்பட்டு, 1760இல் ஆங்கிலேயர் கைப்பற்றி இடித்த கோட்டை. செஞ்சியும் அதே 1750இல்தான் பிரெஞ்சுக்காரர்களிடம் போனது. காலையில் மலையில் கேட்ட கதையின் மறுபாதி சாயங்காலம் கடலோரத்தில் கிடைக்கிறது.

இன்னொன்று. இந்தப் பகுதிக்கு இடைக்கழிநாடு என்று பெயர். சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூர்க்காரர். அந்தப் பாட்டில் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமானும் வருகிறார். நம் தகடூர்க்காரரை, அதாவது தருமபுரிக்காரரை, கடலோரத்துப் புலவர் பாடியிருக்கிறார். அப்பாவிடம் இதைச் சொன்னதும் முழங்கால் வரை தண்ணீரில் நின்றபடி அதியமான்கோட்டை பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். 5.15ஐத் தாண்டப் பார்த்தது அங்கேதான்.

கால் நனைக்கலாம், குளிக்க இறங்காதீர்கள். கழிமுகத்தில் இழுப்பு எங்கே என்று பார்த்தால் தெரியாது. படகில் போனால் உயிர்காப்புச் சட்டை கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

பின்னால் சேர்த்தது

இதைப் படித்துவிட்டுப் போனவர்கள் சொன்னவை சில. புதுச்சேரிதான் வேண்டும் என்று போன ஒருவரை எல்லையில் பர்மிட் கேட்டு நிறுத்தியிருக்கிறார்கள். அது தனி யூனியன் பிரதேசம், தமிழ்நாட்டுக்குள் மட்டும் ஓட்டும் பர்மிட் உள்ள வாடகை வண்டிக்குத் தற்காலிகப் பர்மிட் தனியாகப் போட வேண்டும். அந்தச் செலவு யாருடையது என்பதையும் அந்த வாட்ஸ்அப் செய்தியில் சேர்த்துவிடுங்கள்.

பெண்கள் இருவர் கேட்டது கழிவறை பற்றி. நான் யோசிக்காமல் விட்டது என் தப்பு. மலை மேல் எதுவும் இல்லை. திருவண்ணாமலையில் டிபன் சாப்பிடும் ஓட்டலிலேயே முடித்துக்கொண்டு, அடுத்தது செஞ்சியில் மதியச் சாப்பாட்டுக் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். கடப்பாக்கத்தை நம்ப வேண்டாம், திண்டிவனத்தில் ஒருமுறை நிறுத்துங்கள்.

சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிடுபவர்கள் டிபனைத் தள்ளிப் போடக்கூடாது. என் அத்தை தன் டப்பாவில் இரண்டு இட்லி எடுத்து வந்து ஊத்தங்கரையிலேயே சாப்பிட்டுவிட்டார். மாத்திரைக்கு அதுதான் சரியான நேரம் என்றார்.