சிறிய கொள்கை அமைப்புகளின் சைபர் பாதுகாப்பை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் கொள்கை பேசும் சிறிய அமைப்புகளுக்குக் குறைவில்லை. மீனவர் பிரச்சினை, தூர்ந்துபோகும் குளங்கள், மலையை உடைக்கும் குவாரி, மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கனிம மணல், ரப்பர் பால்வடிப்புத் தொழிலாளர் கூலி என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கெடுத்து, அறிக்கை எழுதி, மனு கொடுக்க நான்கைந்து பேர் கொண்ட அலுவலகம் எங்காவது இருக்கும். பெரும்பாலும் மாடியில் இரண்டு அறை, மூன்று கணினி, ஒரு பிரிண்டர். இப்படிப்பட்ட நான்கு அமைப்புகளில் எதன் சைபர் பாதுகாப்பு தேவலை என்று பார்த்துச் சொல்லும்படி ஓர் அறக்கட்டளை என்னிடம் கேட்டது. கடலோரக் குடும்பங்களிடம் எடுத்த கணக்கெடுப்பை ஆய்வுக்காக அவர்களில் ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும், அதற்குத்தான்.

நான் 40 கேள்விகள் போட்டு, மார்க் கொடுத்து, பச்சை சிவப்பு என்று வண்ணம் பூசிய எக்ஸெல் தாளோடு போனேன். அறக்கட்டளையின் பெரியவர் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சரி மக்கா, இதுல யாருகிட்ட நம்ம ஆளுக பேரும் ஃபோன் நம்பரும் பத்திரமா இருக்கும்?" என்றார். முதல் இடம் பிடித்த அமைப்பின் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன், மனசு வரவில்லை. அந்தத் தாளில் நான் செய்திருந்த தவறுகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வெளியே தெரிவதை வைத்து மார்க் போடுவது

எளிதாகக் கிடைப்பதை அளந்துவிட்டு, அதையே பாதுகாப்பு என்று எண்ணிக்கொண்டேன். இணையதள முகவரியைக் கொடுத்தால் அதன் என்க்ரிப்ஷனுக்கு (போகும் வரும் தகவலை மறைக்குறியாக்குவதற்கு) ஏ, பி என்று கிரேடு தரும் இலவசக் கருவிகள் உண்டு. போட்டுப் பார்த்ததில், உயர்ந்த கிரேடு வாங்கிய தளம் கூகுளின் இலவச பிளாக்கரில் இருந்தது. அந்த மார்க் கூகுளின் பொறியாளர்களுக்குச் சேர வேண்டியது, மார்த்தாண்டத்து மாடி அறைக்கு அல்ல. கடைசி கிரேடு வாங்கிய தளத்திலோ நான்கு பிடிஎஃப் அறிக்கைகளைத் தவிர வேறெதுவும் இல்லை. அதை யாராவது உடைத்தால் மானம் போகும், கணக்கெடுப்பு போகாது. கணக்கெடுப்பு இருப்பதெல்லாம் கூகுள் டிரைவிலும் களப்பணியாளரின் ஃபோனிலும் வாட்ஸ்அப் குழுவிலும். அங்கே எட்டிப் பார்க்க அந்தக் கருவிகளால் ஆகாது.

வெளியிலிருந்து பார்த்தாலும் விஷயமுள்ளது ஒன்று உண்டு, ஈமெயில். ஓர் அமைப்பின் பெயரில் வேறொருவர் போலிக் கடிதம் அனுப்புவதைத் தடுக்க எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற மூன்று பதிவுகளை டொமைனில், அதாவது அமைப்பின் சொந்த இணையப் பெயரில், போட்டு வைப்பார்கள். எந்த சர்வர்கள் எங்கள் பெயரில் அஞ்சல் அனுப்பலாம் என்று எஸ்பிஎஃப் சொல்லும். கடிதம் வழியில் மாற்றப்படவில்லை என்பதற்கான டிஜிட்டல் கையெழுத்து டிகிம். இரண்டிலும் தேறாத கடிதத்தை என்ன செய்வது என்று பெறுபவரின் சர்வருக்குச் சொல்வது டிமார்க். ஆட்சியர் அலுவலகத்துக்கும் நிதி தருவோருக்கும் ஓயாமல் கடிதம் எழுதும் அமைப்புக்கு இது சின்ன விஷயமல்ல.

ஆனால் "டிமார்க் உண்டா?" என்று மட்டும் கேட்டால் ஏமாந்துபோவோம். இரண்டு அமைப்புகளில் உண்டு. ஒன்றில் அது 'நன்' (none, எதுவும் வேண்டாம்) என்ற நிலையில் இருந்தது: போலி வந்தாலும் தடுக்க வேண்டாம், எனக்கு அறிக்கை மட்டும் அனுப்பு என்று பொருள். மற்றதில் 'ரிஜெக்ட்': வாசலிலேயே திருப்பி அனுப்பு. ஒன்று கேமரா, மற்றது பூட்டு. என் தாளில் இரண்டுக்கும் ஒரே பச்சை.

மூன்றாவது அமைப்புக்குச் சொந்த டொமைனே கிடையாது, ஜிமெயில்தான். அவர்களால் டிமார்க் பதிவு போடவே முடியாது. நானோ பூஜ்யம் போட்டிருந்தேன். 'இல்லை' என்பதையும் 'பொருந்தாது' என்பதையும் ஒரே கட்டத்தில் அடைத்ததில் அவர்கள் வீணாகக் கீழே போனார்கள். அவர்களுக்கான ஆபத்து வேறு: ஓர் எழுத்தை மாற்றி அதே மாதிரி இன்னொரு ஜிமெயில் முகவரியை யார் வேண்டுமானாலும் திறக்கலாம். என் 40 கேள்விகளில் ஒன்றுகூட அதைக் கேட்கவில்லை.

கசிந்த முகவரிகளைத் தேடிக் காட்டும் தளங்களிலும் இதே கதைதான். 15 வருடமாக ஒரே முகவரியைப் பல இடங்களில் கொடுத்துவந்த அமைப்புக்குக் கசிவு அதிகம் காட்டும். கசிந்தது அந்தப் பல இடங்களில். போன வருடம் தொடங்கிய அமைப்பு சுத்தமாகத் தெரியும்.

"ஆம்" என்ற பதிலுக்கு மார்க் கொடுப்பது

பேக்கப் எடுக்கிறீர்களா என்று கேட்டதற்கு நால்வரும் ஆம் என்றார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. ஒருவரின் பேக்கப், கணினி இருந்த அதே மேசையின் இழுப்பறையில் கிடந்த ஹார்ட் டிஸ்க். திருடனோ மழைநீரோ வந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். இன்னொருவர் கூகுள் டிரைவோடு கோப்புகள் சிங்க் ஆவதையே பேக்கப் என்றார். கணினியில் ரேன்சம்வேர் (கோப்பைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வைரஸ்) புகுந்து கோப்பைப் பூட்டினால், பூட்டிய கோப்பே டிரைவுக்கும் போய்ச் சேரும். பழைய பதிப்பை மீட்க டிரைவில் வழி உண்டு, ஆனால் எக்ஸெல், பிடிஎஃப் போன்ற கோப்புகளுக்கு அது வழக்கமாக 30 நாளோடு சரி. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து நாட்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த மாவட்டம் இது. நெட்டும் கரண்டும் இல்லாத வாரத்தில் உங்கள் கோப்பு எங்கே இருக்கும் என்பதும் பாதுகாப்புக் கேள்விதான்.

இரண்டாவது முறை போனபோது கேள்வியை மாற்றினேன். "போன மாதக் கோப்பு ஒன்றை பேக்கப்பிலிருந்து என் கண்முன் திறந்து காட்டுங்கள்." ஓர் அலுவலகத்தில் பத்து நிமிடத்தில் காட்டினார்கள். இன்னொன்றில், டிஸ்க்கின் பாஸ்வேர்ட் வேலையை விட்டுப் போன தம்பிக்குத்தான் தெரியும் என்றார்கள்.

எழுதிவைத்த கொள்கை ஆவணமும் இந்த வகைதான். ஒருவரிடம் 30 பக்கத்தில் அழகான சைபர் கொள்கை இருந்தது. நடுவில் ஒரு பக்கத்தில் வேறொரு கம்பெனியின் பெயர் மாற்றப்படாமலே கிடந்தது. தகவல் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 27001 சான்றிதழ் இருக்கிறதா என்று ஐந்து பேர் அலுவலகத்தைக் கேட்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. அதன் 2022 பதிப்பின் இணைப்பில் மட்டும் 93 கட்டுப்பாடுகள் இருக்கின்றன. சிறிய அமைப்புக்குப் பொது அளவுகோல் வேண்டுமென்றால், சிஐஎஸ் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு வெளியிடும் பாதுகாப்புக் கட்டுப்பாடுகளின் எட்டாம் பதிப்பில் 'முதல் குழு' என்று பிரித்துவைத்துள்ள 56 அடிப்படைப் பாதுகாப்புகள் நியாயமானவை. அதிலும் பாதியை வைத்தே வண்டியை ஓட்டலாம்.

கூட்டி வகுத்து ராங்க் போடுவது

வள்ளத்தில் பத்துப் பலகை. ஒன்பது நல்ல தேக்கு, ஒன்று ஓட்டை. சராசரி பார்த்து யாராவது கடலுக்குப் போவார்களா? நான் போனேன். 40 கேள்விக்கும் சம மார்க் கொடுத்துக் கூட்டியதில், வைஃபை பாஸ்வேர்ட் மாற்றுவதும், எல்லாக் கணக்குகளுக்கும் அதிகாரம் உள்ள அட்மின் கணக்கைக் காப்பதும் ஒரே எடையாகிவிட்டன.

சதவீதம் இன்னும் மோசம். களப்பணியாளர்களையும் சேர்த்து 25 பேர் உள்ள அமைப்பில் 20 பேர் இரட்டைச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டோடு இன்னொரு சான்றும் கேட்பது) போட்டிருந்தார்கள்: 80 சதவீதம். மூன்று பேர் அமைப்பில் இரண்டு பேர்: 67. முதலாவது மேல் என்று எழுதினேன். போடாத ஆட்கள் யார் என்று பிறகுதான் கேட்டேன். மூன்று பேர் அமைப்பில் அது அறிக்கையை மெய்ப்பு பார்க்க மட்டும் வருபவர். 25 பேர் அமைப்பிலோ போடாத ஐவரில் ஒருவர் பொருளாளர். வெளிநாட்டு நிதி பெறும் அமைப்புகள் 2020 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணத்தை டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளையில்தான் முதலில் வாங்க வேண்டும். ஆக நாகர்கோவிலில் உட்கார்ந்து எல்லாம் ஆன்லைன்தான். ஓடிபி யார் ஃபோனுக்கு வருகிறது, அந்த ஃபோனை வீட்டில் பேரன் வைத்து விளையாடுகிறானா என்பது 80 சதவீதத்தைவிடப் பெரிய கேள்வி.

சம்பவமே நடக்காத அமைப்பை நம்புவது

கடந்த இரண்டு ஆண்டில் ஏதாவது சைபர் சம்பவம் நடந்ததா என்றும் கேட்டிருந்தேன். ஓர் அமைப்பு மூன்று எழுதியது: ஒரு வாட்ஸ்அப் கணக்கு பறிபோனது, ஒரு போலி இன்வாய்ஸ் வந்தது, பேருந்தில் லேப்டாப் தொலைந்தது. மற்றவர்கள் பூஜ்யம். நான் மூன்றுக்கும் மார்க் குறைத்தேன்.

இது தலைகீழ் வேலை. மூன்று எழுதியவர்களிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. தேதி, என்ன நடந்தது, யாரிடம் சொன்னோம், என்ன மாற்றினோம் என்று நான்கு பத்தி. லேப்டாப் தொலைந்த அன்றே எல்லாக் கணக்குகளிலிருந்தும் அதை வெளியேற்றியிருக்கிறார்கள். பூஜ்யம் எழுதியவர்களிடம், புதிய இடத்திலிருந்து யாராவது லாகின் செய்தால் எச்சரிக்கை எந்த முகவரிக்குப் போகும் என்று கேட்டேன். ஒருவர் காட்டிய முகவரியை வருடக்கணக்காக யாரும் திறக்கவில்லை. சைபர் சம்பவங்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவு, சைபர் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கச் சொல்கிறது. ஆன்லைன் மோசடியில் பணம் போனால் 1930 என்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். இந்த இரண்டையும் அந்த நோட்டுப் புத்தகத்தின் அட்டையில் மட்டும்தான் பார்த்தேன்.

பழைய கணினியைப் பார்த்ததும் சிவப்பு

தமிழில் அறிக்கை அச்சிடும் அலுவலகம் என்றால் மூலையில் விண்டோஸ் 7 ஓடும் ஒரு கிழட்டுக் கணினி இருக்கும். பக்கம் வடிவமைக்கும் பழைய பேஜ்மேக்கர் மென்பொருள், யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்கள், 20 வருட அறிக்கைகள் எல்லாம் அதில்தான். விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. நான் யோசிக்காமல் சிவப்பு போட்டேன். அதில் நெட் இணைப்பே இல்லை, பென் டிரைவ் ஒன்று மட்டும் அதற்கென்று தனியாக இருக்கிறது என்பதைக் கேட்கவில்லை. பக்கத்து மேசையில் பளபளப்பான புதிய லேப்டாப், உரிமம் இல்லாமல் கிராக் போட்ட ஆபீஸ் மென்பொருளோடு, நாள் முழுக்க நெட்டில். அதற்குப் பச்சை.

நாள் வித்தியாசமும் கணக்கில் வர வேண்டும். இந்த மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழை. ஒரு ஊரை ஜூனிலும் இன்னொன்றை பிப்ரவரியிலும் அளந்து எங்கே மழை அதிகம் என்று சொன்னால் சிரிப்பார்கள். திட்டம் முடிந்து பத்து ஊழியர்கள் கிளம்பிய மாதத்தில் ஓர் அமைப்பைப் பார்த்தால் அவர்களின் கணக்குகள் மூடப்படாமல் கிடக்கும். திட்டம் ஓடும்போது பார்த்தால் எல்லாம் ஒழுங்கு. நால்வரையும் ஒரே பருவத்தில் பாருங்கள்.

இன்னொன்று, ஆர்வக் கோளாறில் அவர்கள் சர்வரில் பாஸ்வேர்ட் போட்டுப் பார்க்காதீர்கள். டிமார்க் பதிவு போன்றவை பொதுவெளியில் இருப்பவை, பார்க்கலாம். அனுமதியில்லாமல் உள்ளே நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவில் வரும். கெட்ட எண்ணத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை. யார் எதில் பலவீனம் என்ற தாளை ஈமெயிலில் எல்லோருக்கும் அனுப்புவதும் வேண்டாம். அது திருடனுக்கு வரைபடம். நான் அனுப்பிவிட்டு, பிறகு ஒவ்வொருவரையும் அழைத்து அழிக்கச் சொன்னேன்.

கடைசியில் ஒவ்வோர் அலுவலகத்திலும் அரை நாள் உட்கார்ந்து, பெரியவரின் கேள்வியை மட்டும் வைத்துப் பார்த்தேன்: பெயரும் ஃபோன் நம்பரும் எந்தெந்த இடத்தில் கிடக்கும், யார் யார் திறப்பார்கள், தொலைந்தால் யாருக்கு எப்போது தெரியும். முதல் தாளில் மூன்றாம் இடத்தில் இருந்த, நோட்டுப் புத்தகம் வைத்திருந்த அமைப்பைச் சொன்னேன். அவர்களோ கணக்கெடுப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எங்க ஆய்வுக்குப் பேரும் நம்பரும் எதுக்கு? குடும்பத்துக்கு ஒரு எண் போட்டுக் குடுத்தா போதுமே" என்றார்கள். எந்த எண் எந்தக் குடும்பம் என்ற பட்டியலை அறக்கட்டளையே தன் பீரோவில் வைத்துக்கொண்டது. மற்ற மூவரும் பெயரையும் நம்பரையும் கேட்டிருந்தார்கள்.