பிராஸ் பேண்ட்: கச்சேரியிலும் பயணத்திலும் ஒலிப்பதிவிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டனில் 19-ஆம் நூற்றாண்டில் சுரங்கங்களையும் ஆலைகளையும் ஒட்டி வளர்ந்து, இன்று பல நாடுகளுக்குப் பரவியிருக்கும் பிராஸ் பேண்ட் (பித்தளை ஊதுவாத்தியக் குழு) அமைப்பில் ஊதுபவர்கள் 25 பேர். ஒரு சொப்ரானோ கார்னெட், ஒன்பது கார்னெட், ஒரு ஃப்ளூகல் ஹார்ன், மூன்று டெனர் ஹார்ன், இரண்டு பாரிடோன், இரண்டு யூஃபோனியம், மூன்று டிராம்போன், நான்கு ட்யூபா. இவர்களோடு இரண்டு முதல் நான்கு பேர் வரை தாள வாத்தியக்காரர்கள். வயலின் கிடையாது, புல்லாங்குழல் கிடையாது. சிம்பொனி இசைக்குழுவில் பித்தளை வாத்தியங்கள் நீண்ட நேரம் சும்மா இருக்கும். அந்த நேரத்தைத் தந்தி வாத்தியங்கள் நிரப்பும். இங்கே அப்படிக் கைமாற்றிக்கொள்ள ஆளே இல்லை. முதல் சுரத்திலிருந்து கடைசிச் சுரம் வரை எல்லாமே யாரோ ஒருவரின் உதடு அதிர்ந்து பிறப்பதுதான்.

அந்த உதடு ஒரு தசை. அதிலும் சமூக பேண்டில் வாசிப்பவர்கள் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு, வாரத்தில் ஒன்றிரண்டு மாலை மட்டும் கூடுபவர்கள். கச்சேரியோ பயணமோ ஒலிப்பதிவோ, சொதப்பிய இடத்தைத் தோண்டிப் பார்த்தால் பெரும்பாலும் உதட்டைக் கணக்கில் சேர்க்காத ஒரு திட்டம் அடியில் கிடக்கும்.

நிகழ்ச்சி நிரல்

வாசிப்பவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் அடுக்கிவிட்டு, உள்ளதிலேயே கடினமானதைக் கடைசியில் வைப்பதுதான் எல்லாரும் செய்வது. போட்டிகளுக்கென எழுதப்படும் படைப்புகள் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும். ஒன்றரை மணி நேரம் வாசித்த பிறகு அப்படி ஒன்றைத் தொட்டால் என்ன ஆகும்? களைத்த உதட்டால் உச்ச சுரத்தைப் பிடிக்க முடியாமல், மவுத்பீஸை (உதடு வைத்து ஊதும் முனையை) உதட்டோடு அழுத்துவார்கள். அழுத்தினால் ரத்த ஓட்டம் குறையும், அசதி இன்னும் கூடும். முதலில் விழுவது சொப்ரானோ கார்னெட், அடுத்து முன்வரிசைக் கார்னெட்காரர்கள். கனமான படைப்பை இடைவேளைக்கு முன்னால் வையுங்கள். பார்வையாளர்கள் எழுந்து போய்வரும் இருபது நிமிடம் உதட்டுக்கும் இடைவேளைதான். அதற்கப்புறம் ஒரு யூஃபோனியம் தனி வாசிப்பு வந்தால், மற்றவர்கள் பின்னணியாக அடக்கி வாசித்துக்கொண்டே தேறிவிடுவார்கள்.

மெதுவான பாட்டு ஓய்வு என்று நினைப்பது இன்னொரு தப்பு. மெல்லிய ஒலியில், நீண்ட மூச்சில், அசையாமல் பிடிக்க வேண்டிய துதிப்பாடல் மெட்டு ஒன்று ஆரவாரமான அணிவகுப்பு இசையைவிடக் களைத்த உதட்டுக்குக் கஷ்டம். சுரம் தொடங்கும்போதே உடைவதும் நடுங்குவதும் இங்கேதான் அம்பலமாகும். உண்மையான ஓய்வு என்றால் வாசிக்காமல் இருப்பது. முன்வரிசையில் நான்கு பேர் ஒரே பகுதியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதே ஒருவரை ஒருவர் தாங்கிக்கொள்ளத்தான். ஆனால் பல பேண்டுகளில் நால்வரும் எல்லாச் சுரத்தையும் வாசித்துத் தீர்க்கிறார்கள். எந்த வரியில் யார் விடலாம் என்று ஒத்திகையிலேயே பென்சிலால் குறித்துவிட வேண்டும். மேடையில் கண்ஜாடையில் தீர்க்கிற விஷயம் இல்லை இது.

பாட்டுகளுக்கு நடுவே பேண்டின் நடத்துநர் பேசுவதை நேர விரயம் என்று வெட்டுபவர்கள் உண்டு. வேண்டாம். அந்த ஒரு நிமிடத்தில் உதட்டுக்கு ரத்தம் திரும்பி வருகிறது. அவருக்கு நகைச்சுவை வராவிட்டாலும் பரவாயில்லை.

கச்சேரி அன்று மதியம் முழு நிகழ்ச்சியையும் முழு ஒலியில் வாசித்துப் பார்ப்பதுதான் எனக்குப் புரியவே புரியாத பழக்கம். மாலைக்கு வைத்திருந்ததை மதியமே காலி இருக்கைகளுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். தொடக்கங்கள், முடிவுகள், வேகம் மாறும் இடங்கள், தாள வாத்தியக்காரர்கள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஓட வேண்டிய இடங்கள் ஆகியவற்றை மட்டும் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அரங்கம் எப்படி ஒலிக்கிறது என்று கேட்க, காது நன்றாக உள்ள ஒருவரை நடு இருக்கையில் உட்கார வையுங்கள். ஆட்கள் நிரம்பியதும் எதிரொலி குறையும் என்பதையும் அவருக்குச் சொல்லி வையுங்கள். காலி அரங்கில் நிறைவாகக் கேட்டது மாலையில் வறண்டு கேட்கும்.

திறந்த வெளி

கார்னெட், ஃப்ளூகல், டிராம்போன் இவற்றின் வாய் முன்னோக்கி இருக்கும். டெனர் ஹார்ன், பாரிடோன், யூஃபோனியம், ட்யூபா இவற்றின் வாய் மேல்நோக்கி. அரங்கத்தில் மேலே போன ஒலி கூரையில் பட்டுக் கீழே வரும், எல்லாம் கலந்து கேட்கும். மைதானத்தில் அது வானத்தோடு போய்விடும். கூட்டத்துக்குக் கேட்பது கார்னெட்டின் கூச்சலும் டிரம்மும்தான். நடுப்பகுதியின் இதமான ஒலி காணாமல் போயிருக்கும். அதை ஈடுகட்ட யூஃபோனியக்காரர்கள் பலமாக ஊதுவார்கள், அரை மணியில் களைத்துப்போவார்கள். பலமாக ஊதுவது தீர்வே அல்ல. மேலே கூரையும் பின்னால் சுவரும் உள்ள மேடையைக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் கார்னெட்டை அடக்குங்கள்.

சுருதி விஷயத்தில் வெயிலும் குளிரும் பெரிய வேலை காட்டும். 20 டிகிரி செல்சியஸில் ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 343 மீட்டர். ஒவ்வொரு டிகிரிக்கும் அது ஏறக்குறைய 0.6 மீட்டர் கூடும். குழலுக்குள் இருக்கும் காற்று ஒரு டிகிரி சூடானால் சுருதி சுமார் 3 சென்ட் ஏறும் (ஓர் அரைச்சுரம் 100 சென்ட்). ஆனால் தட்டி வாசிக்கும் குளோக்கன்ஷ்பீலின் உலோகப் பட்டைகள் இதோடு சேர்ந்து ஏறாது. வெயிலில் அவை லேசாக இறங்கத்தான் செய்யும், ஊதும் வாத்தியத்தில் போல ஸ்லைடை (சுருதி சேர்க்க நீட்டிச் சுருக்கும் குழாயை) இழுத்துச் சரிசெய்யவும் வழியில்லை. போதாக்குறைக்கு, பல குளோக்கன்ஷ்பீல்கள் வழக்கமான அடிப்படைச் சுருதியான 440-க்குப் பதிலாக 442 ஹெர்ட்ஸில் செய்யப்படுகின்றன. அதனால் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு சுருதி சேர்ப்பது வீண். முதலில் ஊதிச் சூடாக்க வேண்டும், பிறகு சேர்க்க வேண்டும், அசைக்க முடியாத வாத்தியத்தோடு ஒப்பிட வேண்டும். குளிரில் வாசிக்காத நேரத்தில் சத்தம் எழாமல் குழலுக்குள் சூடான மூச்சை விட்டுக்கொண்டிருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

இன்னொன்று, அலமாரியில் கிடக்கும் பழைய வாத்தியங்கள். பிரிட்டிஷ் பேண்டுகள் 1960-கள் வரை இன்றைய 440-ஐவிட ஓர் அரைச்சுரத்தில் கிட்டத்தட்ட பாதி அளவு உயர்ந்த சுருதியில் வாசித்தவை. அந்தக் காலத்து வாத்தியம் ஒன்று புதுமுகத்தின் கையில் வந்தால், ஸ்லைடை எவ்வளவு இழுத்தாலும் சேராது. பாவம், காது சரியில்லை என்று பழி அவர்மேல் விழும்.

பயணம்

சுற்றுலாத் திட்டம் போடுகிறவர் பெரும்பாலும் பேருந்தையும் விடுதியையும் பார்க்கத் தெரிந்தவராக இருப்பார். ஆகவே போய் இறங்கிய அன்றே கச்சேரி, மறுநாள் பகல் முழுக்க ஊர் சுற்றல், மாலையில் இன்னொரு கச்சேரி என்று போகும். விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே இருக்கும். இறங்கும்போது உதடு காய்ந்திருக்கும். முதல் நாள் மாலை கச்சேரி வேண்டாம், அரை மணி நேரம் மெதுவாக நீண்ட சுரங்கள் வாசித்தால் போதும். அடுத்தடுத்து இரண்டு மாலைகள் தாங்கும். மூன்றாவதுக்குப் பாட்டுகளைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

வர முடியாதவர்களுக்குப் பதில் ஆள் பிடிப்பதில் ஒரு பொறி இருக்கிறது. பிராஸ் பேண்டில் பேஸ் டிராம்போனைத் தவிர ஊதும் வாத்தியம் எல்லாவற்றுக்கும், ட்யூபா உட்பட, ட்ரெபிள் கிளெஃபில்தான் (உயர் சுரங்களுக்கான இசைத்தாள் குறியீட்டில்) எழுதுவார்கள். அதனால்தான் பாரிடோன்காரர் ஒரே நாளில் யூஃபோனியத்துக்கு நகர முடிகிறது; விரல் வைப்பு ஒன்றேதான். ஆனால் சிம்பொனி இசைக்குழுவில் தாழ் சுரங்களுக்கான பேஸ் கிளெஃபில் வாசித்துப் பழகிய ட்யூபாக்காரரை, அவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், புறப்படுவதற்கு முந்தைய நாள் அழைத்து இந்தத் தாளை நீட்டினால் திணறிப்போவார். ஆட்கள் யார் யார் என்று தெரிந்த பிறகு பாட்டுகளைத் தேர்ந்தெடுங்கள். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

மவுத்பீஸ் சிக்கிக்கொண்டால் குறடு போட்டுத் திருகக் கூடாது; குழலைத் தாங்கும் பற்றவைப்புகள் விட்டுப்போகும். அதை இழுத்து எடுக்கவென்றே ஒரு சிறு கருவி உண்டு, ஒன்றை வாங்கிப் பெட்டியில் போட்டுவிடுங்கள். இசைத்தாள்கள் அனைத்தையும் ஒரே பெட்டியில் அனுப்பாதீர்கள். தாள வாத்தியங்களைப் போகிற இடத்தில் வாடகைக்கு எடுப்பது நல்லது. ஆனால் ‘டிரம் எல்லாம் வேண்டும்’ என்று சொன்னால் டிரம் மட்டும்தான் வரும். எத்தனை டிம்பனி, என்ன அளவு, சைலஃபோன் எத்தனை ஆக்டேவ், தாங்கிகள் உண்டா என்று எழுதிக் கேளுங்கள்.

எல்லை தாண்டுவதாக இருந்தால் ஏடிஏ கார்னே என்ற சுங்க ஆவணம் பல நாடுகளில் செல்லும். வாத்தியங்களைத் தற்காலிகமாகக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவர, வரி கட்டாமல், அதிகபட்சம் ஓராண்டுக்கு. ஒவ்வொரு வாத்தியத்தின் வரிசை எண்ணும் மதிப்பும் அதில் இருக்க வேண்டும். வழக்கமான தவறு, போகும்போது முத்திரை வாங்கிவிட்டு, திரும்பும் அவசரத்தில் மறந்துவிடுவது. முத்திரை இல்லையென்றால் பொருள் அங்கேயே தங்கிவிட்டதாகக் கருதி வரி கேட்பார்கள். காப்பீட்டில், இரவில் ஆளில்லாத வண்டிக்குள் விட்ட வாத்தியத்துக்கு இழப்பீடு உண்டா என்பதையும் படித்துப் பாருங்கள். பல காப்பீடுகளில் இல்லை.

ஒலிப்பதிவு

பயணம் முடிந்த கையோடு, பாட்டுகள் பழகியிருக்கிறதே என்று அடுத்த நாளே ஒலிப்பதிவு வைப்பார்கள். விரலுக்குப் பழகியிருக்கும், சரி. உதடு? மூன்று மணி நேர அமர்வில் 15 முதல் 20 நிமிட இசை தேறினால் நல்ல அமர்வு. எழுபது நிமிட ஆல்பத்துக்கு நான்கு அமர்வுகள், அதாவது இரண்டு முழு நாட்கள். ஒரே நாளில் முடிக்கலாம் என்று அரங்கத்தை வாடகைக்கு எடுத்த பேண்டின் பதிவில் கடைசி மூன்று பாட்டுகளைக் கேட்டாலே தெரிந்துவிடும்.

ஆல்பத்தில் வரும் வரிசையில் பதிவு செய்யத் தேவையில்லை. உயரமும் பலமும் கேட்கும் படைப்பை, உதடு சூடாகி, இன்னும் களைக்காத முதல் அமர்வில் எடுங்கள். ஒவ்வொரு டேக்குக்கும் (ஒரு முறை வாசித்து எடுக்கும் பதிவுக்கும்) முன்னால் சுருதியை ஒரு நிலையான ஒலியோடு சரிபாருங்கள். வேகத்தை மெட்ரோனோமில் பாருங்கள். காலையில் எடுத்த டேக்குக்கும் மதியம் எடுத்ததற்கும் இடையே அறை சூடாகி சுருதி ஏறியிருக்கும். பேண்ட் மொத்தமும் சேர்ந்து ஏறுவதால் உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது. எடிட்டிங்கில் இரண்டையும் ஒட்டும்போது ஒட்டு பல்லிளிக்கும்.

ஒரு தவறு விழுந்தால் உடனே நிறுத்தி, அந்த இடத்திலிருந்து மட்டும் மறுபடி தொடங்குவது பெரும்பாலான அமெச்சூர் பதிவுகளைக் கெடுக்கிறது. முழுப் படைப்பையும் இரண்டு முறை நிறுத்தாமல் எடுத்துவிடுங்கள். அப்புறம் குறையுள்ள இடங்களுக்கு மட்டும், சில தாள அளவுகள் (இசைத்தாளில் செங்குத்துக் கோடுகளால் பிரித்த கட்டங்கள்) முன்னாலிருந்து தொடங்கி, சில அளவுகள் தாண்டியும் வாசியுங்கள். அப்போதுதான் முந்தைய ஒலியின் எதிரொலி இயல்பாகத் தொடரும், ஒட்டவும் இடம் கிடைக்கும். கடைசிச் சுரம் முடிந்ததும் ஐந்து நொடி யாரும் அசையக் கூடாது. வால்வு கிளிக், நாற்காலி முனகல், தாள் புரட்டல், ‘அப்பாடா’ என்ற பெருமூச்சு எல்லாம் மைக்கில் விழும்.

மைக் விஷயத்தில், ஆளுக்கொன்று வைத்தால் தெளிவாக இருக்கும் என்று தோன்றும். பிராஸ் பேண்டின் அழகே ஒலிகள் காற்றில் கலப்பதுதான். நடத்துநரின் தலைக்கு மேலே உயரத்தில் ஒரு ஸ்டீரியோ ஜோடி முக்கியம். மேல்நோக்கிய வாய்களின் ஒலியும் அங்கேதான் முழுதாகக் கிடைக்கும். தனி வாசிப்புக்கும் சில தாள வாத்தியங்களுக்கும் மட்டும் துணை மைக் போதும். ஒலி அளவைச் சரிபார்க்கும்போது உள்ளதிலேயே பலமான பகுதியை, உண்மையான பலத்தோடு வாசியுங்கள். சோதனை என்றாலே எல்லாரும் கொஞ்சம் அடக்கித்தான் வாசிப்பார்கள். பதிவு தொடங்கியதும் முழு பலமும் வந்து மீட்டர் சிவப்புக்குப் போகும். 24 பிட்டில் பதிவு செய்தால் அளவைத் தாராளமாகக் குறைத்து வைக்கலாம், தரம் குறையாது.

நடத்துநரே தயாரிப்பாளராகவும் இருப்பதை என்னால் ஏற்க முடிவதில்லை. கை வீசிக்கொண்டே எந்த அளவில் மூன்றாவது கார்னெட் தடுமாறியது என்று யாராலும் குறித்துவைக்க முடியாது. இசைத்தாளோடு தனியறையில் ஸ்பீக்கர் முன்னால் உட்கார்ந்து, ‘64-வது அளவு சரியில்லை, இரண்டாவது டேக்கில் சரி’ என்று எழுதும் ஒருவர் வேண்டும். அரங்கத்துக்கும் மைக்குக்கும் செலவழித்துவிட்டு இவருக்குக் கொடுக்கத் தயங்குவது ஆனையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்ப்பது போல.

உரிமைகளை அமர்வுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். பெர்ன் உடன்படிக்கைப்படி படைத்தவர் இறந்து குறைந்தது 50 ஆண்டுகள் வரை காப்புரிமை உண்டு. பல நாடுகளில் 70. இசையமைப்பாளர் இறந்து நூறாண்டு ஆகியிருந்தாலும், அதைப் பிராஸ் பேண்டுக்கு மாற்றி எழுதியவர் உயிரோடு இருக்கலாம்; அந்த மாற்றத்துக்குத் தனிக் காப்புரிமை உண்டு. இசைத்தாளைக் காசு கொடுத்து வாங்கியதால் பதிவு செய்யும் உரிமை வந்துவிடாது. கச்சேரி நடத்த வாங்கிய அனுமதி பதிவுக்குப் போதாது, பதிவுக்கான அனுமதி வீடியோவுக்குப் போதாது. பேண்டில் சிறுவர்கள் இருந்தால் படம் எடுக்கப் பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதமும் தேவை.

எடிட் செய்த பிரதியை உறுப்பினர்கள் எல்லாருக்கும் அனுப்பிக் கருத்து கேட்டால் ஒருபோதும் முடியாது. ஒவ்வொருவருக்கும் தன் வாத்தியம் கொஞ்சம் குறைவாகவே கேட்கும். நடத்துநரும் தயாரிப்பாளரும் மட்டும் கேட்டு, திருத்தங்களை ஒரே பட்டியலாகக் கொடுத்தால் போதும். டேக்குகளின் மூலக் கோப்புகளையும் குறிப்பெழுதிய இசைத்தாளையும் ஆல்பம் வெளிவரும் வரை இரண்டு வெவ்வேறு இடங்களில் வைத்திருங்கள்.