ஆல்டேர் 8800: முகப்பு சுவிட்ச் சொன்னபடி கேட்காவிட்டால்

ஆல்டேர் 8800 கம்ப்யூட்டரின் முகப்பில் ஒரு முகவரி விளக்கு (மெமரி முகவரியின் ஒரு பிட்டைக் காட்டுவது) எரியவில்லை என்றதும் கான்டாக்ட் கிளீனரை எடுத்து எல்லா சுவிட்சிலும் பீய்ச்சிவிடுகிறார்கள். விசாரணைக்கு முன்பே தடயத்தைக் கழுவுகிற வேலை அது. இந்த 1975 மாடலில் எக்ஸாமின் (சுவிட்சுகளில் வைத்த முகவரிக்குப் போவது), எக்ஸாமின் நெக்ஸ்ட் (அடுத்த முகவரிக்குப் போவது) இரண்டுமே பழுது எங்கே என்று காட்டிக்கொடுத்துவிடும்.

முகப்புப் பலகைக்கு 5 வோல்ட் ஒழுங்காக வருகிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு மின்சாரத்தை நிறுத்தி மெமரி கார்டுகளைக் கழற்றிவிடுங்கள். சிபியு கார்டு மட்டும் போதும். மின்சாரத்தை மறுபடி போட்டு, ஸ்டாப்பைப் பிடித்துக்கொண்டே ரீசெட்டைத் தட்டினால் வெயிட் விளக்கு எரிய வேண்டும்.

முகவரி சுவிட்சுகளுக்கும் விளக்குகளுக்கும் ஏ0 முதல் ஏ15 வரை பெயர்; ஏ0-வின் மதிப்பு 1, பிறகு 2, 4, 8 என்று இரட்டிக்கும். ஏ3 எரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஏ0, ஏ1, ஏ2 மூன்றை மட்டும் மேலே தூக்கி எக்ஸாமின். முகவரி 7. அடுத்து எக்ஸாமின் நெக்ஸ்ட் ஒரு தட்டு. முகவரி 8 ஆகி ஏ3 எரிந்தால் விளக்கும் அதன் டிரைவரும் நல்லவை. சந்தேகம் சுவிட்ச் பக்கம் போகிறது. எரியாவிட்டால் சுவிட்சைத் தொடவே வேண்டாம்.

எக்ஸாமின் தட்டும்போது முகப்பு, சிபியு சிப்பான 8080-க்கு ஒரு ஜம்ப் (வேறு முகவரிக்குத் தாவு) கட்டளையை ஊட்டுகிறது: ஆக்டலில் (எட்டை அடிமானமாகக் கொண்ட எண்முறையில்) 303. அதன் பின்னாலேயே கீழ் எட்டு சுவிட்சுகள், பிறகு மேல் எட்டு. எல்லாம் அதே எட்டு டேட்டா கம்பிகள் (டி0 முதல் டி7 வரை) வழியாகத்தான். அதனால் ஏ3-உம் ஏ11-உம் சேர்ந்தே மக்கர் செய்தால் சுவிட்ச் இரண்டும் ஒரே நாளில் செத்துப்போனதாக நினைக்காதீர்கள்; இரண்டும் வருவது டி3 கம்பியில்தான், அதைப் பாருங்கள். முகவரி கண்டபடி தாவினாலும் இதே சந்தேகம்தான்: டி0, டி1, டி6, டி7 ஆகியவற்றில் ஏதாவது ஒன்று 0-க்கு விழுந்தாலே 303 வேறு கட்டளையாகிவிடும். முகப்புக்கும் சிபியு கார்டுக்கும் நடுவே ஓடும் கம்பிகளின் சால்டரை லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். உதிரிபாகக் கிட்டாக வாங்கி யாரோ வீட்டு மேசையில் கோத்தது என்றால் எல்லா சால்டரும் ஒரே தரமாக இருக்காது.

சுவிட்ச்தான் என்று முடிவானால் மின்சாரத்தை நிறுத்தி ஓம் மீட்டரை வையுங்கள். மூடிய நிலையில் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டி அசையாமல் நிற்க வேண்டும். லீவரை ஆட்டும்போது எண் துள்ளினால் உள்ளே ஆக்ஸைடு. கிளீனர் இப்போதுதான், அந்த ஒரு சுவிட்சுக்கு மட்டும். ஒரு சொட்டு விட்டு லீவரை நிறைய தடவை மேலும் கீழும் தட்டுங்கள். மாற்றுவதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அதே உயர லீவர் கிடைப்பது பெரும்பாடு.

எக்ஸாமின் நெக்ஸ்ட் இரண்டிரண்டாகத் தாவுகிறதா? மெதுவாக ஒரு தடவை, சடாரென்று ஒரு தடவை தட்டிப் பாருங்கள். தட்டும் விதத்துக்கேற்ப மாறினால் சுவிட்சின் தொடுமுனை துள்ளுகிறது. எப்படித் தட்டினாலும் தாவினால் 74123 ஒன்-ஷாட்டையும் (ஒரு தட்டுக்கு ஒரே ஒரு துடிப்பு தரும் சிப்) அதன் கெபாசிட்டரையும் ஆஸிலோஸ்கோப்பில் பாருங்கள். என் அனுபவத்தில் சிப்பைவிட கெபாசிட்டர்தான் முதலில் போகும்.