மாய உலகத்துப் பைக்குள் என்ன போடலாம்? நெல்லைச் சீமைக் கதைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீரன் காட்டுக்குள் போகிறான். ஒளிரும் நீலப் பூவைப் பறிக்கிறான், பையில் போடுகிறான். மூன்று மாதம் கழித்து எடுத்துக் காய்ச்சிக் குடிக்கிறான், காயம் ஆறிவிடுகிறது. அந்தப் பூவுக்குப் பருவம் இல்லை, பறிக்கப் பக்குவம் இல்லை, வாடுவதும் இல்லை. தேரி என்னும் செம்மணல் மேட்டையும் பொதிகை மலையையும் பின்னணியாக வைத்து மாயக் கதை எழுதும்போதும், அட்டை வைத்து ஆடும் விளையாட்டு செய்யும்போதும் முதலில் திருத்த வேண்டியது இதைத்தான். மண்ணில் பொறுக்கும் எந்தப் பொருளுக்கும் ஒரு பிடிவாதம் உண்டு. அந்தப் பிடிவாதத்தை விட்டுவிட்டால் மாயமும் ஒட்டாது.

பனம்பாளையில் வடியும் இனிப்பு நீரான பதனியையே எடுத்துக்கொள்வோம். "சக்தி தரும் பானம், ஒரு குப்பி" என்று எழுதி முடித்துவிடுவது பெரிய இழப்பு. பனையேறி காலையும் மாலையும் ஏறிப் பாளையைச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டுகிறார். புளிப்பைத் தடுப்பது அந்தச் சுண்ணாம்புதான். தடவாத கலயத்தில் வடிவது கள்ளாகிவிடும். சுண்ணாம்பு குறைந்து லேசாகப் புளித்த பதனியைக் காய்ச்சினால் கருப்பட்டி இறுகாது, தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றியது இளகியே கிடக்கும். ஒரே மரம், ஒரே பாளை. பதனியா, கள்ளா, கருப்பட்டியா என்பதை விரல்நுனிச் சுண்ணாம்பும் அடுப்பும் முடிவு செய்கின்றன. இதைவிட நல்ல மாய விதியை உட்கார்ந்து யோசித்தாலும் உருவாக்க முடியாது.

விளையாட்டில் இதை இப்படி வைக்கலாம். பதனி அட்டை அன்றைய நடுப்பகல்வரை மட்டும் செல்லும். சுண்ணாம்பு அட்டை கையில் இல்லாதவருக்கு அது கள் அட்டையாகத் திரும்பும். மூன்று விறகு அட்டை கொடுத்துக் காய்ச்சினால் கருப்பட்டி. அது ஆட்டம் முடியும்வரை கெடாது. சுண்ணாம்பில் கஞ்சம் பிடித்தவருக்கு விறகும் போய், இளகிய பாகுதான் மிஞ்சும். அட்டையில் ஊர்ப்பெயரையும் எழுதுங்கள். 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது உடன்குடிக் கருப்பட்டி, இந்தப் பக்கத்து ஆள் யாரானாலும் "எந்த ஊர்க் கருப்பட்டி?" என்றுதான் முதலில் கேட்பார்.

அடுத்தது குன்றிமணி. இதில் இரண்டு தவறுகள் நேர்கின்றன. ஒன்று, மஞ்சாடியோடு குழப்பிக்கொள்வது. குன்றிமணி கொடியில் காய்ப்பது. சிவப்பில் ஒரு முனை மட்டும் கறுப்பு. மஞ்சாடி மரத்தில் காய்ப்பது. முழுச் சிவப்பு, தட்டையாக, அளவில் பெரியது. பழைய நிறுத்தல் கணக்கில் 4 நெல் ஒரு குன்றிமணி, 2 குன்றிமணி ஒரு மஞ்சாடி. குன்றிமணி ஒன்று ஏறத்தாழ 0.12 கிராம் இருக்கும். உங்கள் மாய உலகத்துத் தங்கத்துக்கு இதையே நாணய அளவாக வைக்கலாம். புதிதாக ஓர் எடைப் பெயர் தேட வேண்டியதில்லை.

இரண்டாவது தவறு ஆபத்தானது. குன்றிமணியை அரைத்துக் குடிக்கும் மருந்தாகக் கதையில் காட்டக்கூடாது. தோல் உடையாதவரை அது வெறும் மணி. உடைத்தாலோ மென்றாலோ உயிரையே எடுக்கக்கூடிய கடுமையான நஞ்சு. விளையாட்டுக் காய்களாகவும் வைக்க வேண்டாம்; பிள்ளைகள் கை படும் இடத்தில் புளியங்கொட்டையோ சோழியோ போதும். கதைக்குள் நஞ்சாகவே வரட்டும். அழகாக இருக்கிறது, எடைக்கல்லாகிறது, உடைத்தால் கொல்கிறது. ஒரு பொருளுக்கு இதற்குமேல் என்ன குணம் வேண்டும்?

மழையிலும் பலர் சறுக்குகிறார்கள். ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் விழும்போது திருச்செந்தூர்ப் பக்கம் காற்றும் புழுதியுமாகக் காய்ந்து கிடக்கும். சமவெளிக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஆகவே "மழைக்காலத்தில் கிடைக்கும் மூலிகை" என்று பொதுவாக எழுதினால் பொருளே இல்லை. மலையடிவாரமா, தேரியா என்று சொல்லியாக வேண்டும். தேரியில் இன்னொன்று: வரைபடத்தில் புள்ளி குத்தி "புதையல் இங்கே" என்று போடாதீர்கள். இரும்புச் சத்தால் சிவந்த அந்த மணல் ஆடிக் காற்றில் இடம் பெயரும். ஒவ்வோர் ஆடிக்கும் தாயம் உருட்டி, விழுந்த எண்ணுக்கு அத்தனை கட்டம் புதையலைக் கிழக்கே தள்ளுங்கள். காற்று மேற்கிலிருந்து வருவதால் திசையும் சரியாக இருக்கும்.

புற்றுக்காளானைப் பற்றிச் சுருக்கமாக. மழைக்குப் பின் கறையான் புற்றை ஒட்டி முளைக்கும். வேர்போல நீண்ட தண்டு மண்ணுக்குள் புற்றுவரை போகும். குடை விரியுமுன் பறிக்க வேண்டும், அன்றே சமைக்க வேண்டும். பையில் ஒரு நாளுக்குமேல் தங்கும் காளான் அட்டை தவறு. "வெள்ளிக்காசு கறுத்தால் விஷக்காளான்" என்பதுபோன்ற சோதனைகளையும் கதையில் உண்மையாகக் காட்டாதீர்கள். அவை பொய். நம்பிச் சமைத்துப் பார்க்க ஓர் ஆள் இருப்பார்.

கடைசியாக மயிலிறகு. எல்லோரும் அதைப் பறக்கும் சக்தியோடு முடிச்சுப் போடுகிறார்கள். ஆனால் நம் பள்ளிப் பிள்ளைகளிடம் அதற்கு ஏற்கெனவே ஒரு விதி இருக்கிறது: புத்தகத்துக்குள் வைத்தால் குட்டி போடும். வெளிச்சம் படக்கூடாது, தீனியாகப் பென்சில் சீவல் போட வேண்டும், அடிக்கடி திறந்து பார்த்தால் போடாது. இந்த விதியை மாற்றாமல் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். மயிலைத் துரத்திப் பிடுங்குவதாகக் காட்ட வேண்டாம். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் ஆண்மயில் தோகையைத் தானாக உதிர்க்கும், விளையில், அதாவது மரத்தோட்டத்தில், பொறுக்குவது போதும். அட்டையைக் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள், ஏழு சுற்றுவரை திருப்பக்கூடாது. திருப்பிப் பார்த்தவரின் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். எத்தனை முறை திறந்தார் என்று குறிக்க அட்டையின் ஓரத்தில் சின்னக் கட்டங்கள் விட்டு வையுங்கள்.