கேனரிக் குஞ்சு: ரகம் பார்ப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர்ப் பக்கம் கேனரி என்ற பாடும் சிறு பறவையை வளர்ப்பவர்கள் பெருகியிருப்பது நல்ல விஷயம். ஆனால் தாய் தகப்பன் என்ன நிறம் என்று எழுதி வைக்காமல், கூட்டில் கிடக்கும் குஞ்சைப் பார்த்தே ரகத்தைச் சொல்லி விற்றுவிடுகிறார்கள். பெரும்பாலான குழப்பம் இங்கிருந்துதான் வருகிறது.

கண்ணைத் தாமதமாகப் பார்ப்பதுதான் பெரிய தவறு. பொரித்த முதல் இரண்டு மூன்று நாளில், இமை மூடியிருந்தாலும் தோல் வழியாகக் கண் தெரியும். பச்சைக் கேனரிக் குஞ்சுக்குக் கறுப்பு, சின்னமன் எனும் பழுப்பு நிற ரகத்தின் குஞ்சுக்கு இளஞ்சிவப்பு. போகப்போக சின்னமன் கண்ணும் இருண்டுவிடும், அப்புறம் பிடிபடாது. சின்னமன் ஆணோடு பச்சைப் பெண்ணைச் சேர்த்திருந்தால் இன்னொரு லாபம்: சிவந்த கண்ணோடு வருவதெல்லாம் பெண், கறுப்புக் கண் எல்லாம் ஆண். பாடுவதை வைத்து ஆணை அடையாளம் காணக் காத்திருக்கவே வேண்டாம். ஜோடியை மாற்றி, பச்சை ஆண், சின்னமன் பெண் என்று போட்டால் இந்தக் கணக்கு செல்லாது.

வெள்ளையில் இரண்டு வகை உண்டு. இறக்கை ஓரத்தில் லேசான மஞ்சள் இருந்தால் டாமினன்ட் (தாய், தகப்பன் ஒருவரிடமிருந்து வந்தாலே வெளிப்படும் வகை). மஞ்சளே இல்லாமல், பொரிக்கும்போதே தோல் ஊதா கலந்து இருந்தால் ரெசசிவ் (இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும் வகை). இதைக் கவனிக்காமல் விட்டால் பறவைக்கே ஆபத்து. ரெசசிவ் வெள்ளையால் கேரட், கீரையிலிருந்து வைட்டமின் ஏ தயாரித்துக்கொள்ள முடியாது. நேரடியாகவே கொடுக்க வேண்டும்.

டாமினன்ட் வெள்ளையை இன்னொரு டாமினன்ட் வெள்ளையோடு சேர்க்காதீர்கள். கிளாஸ்டர் என்ற கேனரி ரகத்தில் கொண்டை வைத்த இரண்டையும் அப்படித்தான், சேர்க்கக் கூடாது. சராசரியாகக் கருவில் கால் பங்கு பிழைக்காது. பாவம், பழி வெயில் மேலும் அடைகாத்த பெண் மேலும் விழுகிறது.

ரெட் ஃபேக்டர் எனும் சிவப்பு ரகக் குஞ்சு வெளிறி இருந்தால் கலப்படம் என்று ஒதுக்க வேண்டாம். இறகு வளரும்போது கலர் ஃபுட் (நிறமி சேர்த்த தீனி) கிடைத்தால்தான் சிவப்பு ஏறும். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும் முதல் இறகு உதிர்ப்பில் உடம்பு இறகுதான் மாறும். இறக்கையும் வாலும் அடுத்த வருஷம் வரை பழைய நிறத்திலேயே நிற்கும்.

ஒரே கூட்டில் சின்னதாக ஒன்று கிடந்தால் 'இது வேற ரகம்' என்பார்கள். தினம் ஒரு முட்டையாக இடும்போதே பெண் அடைக்கு உட்கார்ந்துவிட்டால் கடைசிக் குஞ்சு இரண்டு மூன்று நாள் பிந்தித்தான் வரும். இட்ட முட்டையை எடுத்துவிட்டு டம்மி முட்டை வைத்து, நாலாவது முட்டை வந்ததும் எல்லாவற்றையும் சேர்த்துத் திருப்பி வைத்தால் 13, 14 நாளில் ஒன்றாகப் பொரிக்கும்.

மொட்டை மாடியில் தகர ஷீட்டுக்குக் கீழே கூண்டு வைப்பவர்கள் மாசிக்குள் ஜோடியைப் பிரித்துவிடுங்கள். கத்திரி வெயிலில் கூட்டில் குஞ்சு இருக்கவே கூடாது.