கில்ட் யார் அணியலாம், எப்படி அணிய வேண்டும்: அல்சூர் தையல்காரி சொல்வது

பெங்களூர் அல்சூரில் எங்களுடையது சீருடைக் கடை. அப்பா காலத்தில் ராணுவ உடுப்புகள் தைத்தோம். இப்போது பள்ளி பேண்ட் குழுக்களின் வேலைதான் அதிகம். பேக்பைப் என்ற காற்றுப்பை வாத்தியம் வாசிக்கும் பைப் பேண்ட் வைத்திருக்கும் பள்ளி என்றால் கில்ட், அதாவது ஸ்காட்லாந்துக்காரர்களின் முழங்கால் வரையிலான மடிப்புப் பாவாடை, தைக்க வேண்டும். அளவெடுக்கப் பெண்பிள்ளைகளைக் கூட்டிவரும் அம்மாக்கள் கேட்கும் கேள்வி எனக்கு மனப்பாடம்: "அக்கா, இது ஸ்காட்லாந்து ஆம்பளைங்க உடுப்பாச்சே, நம்ம பொண்ணு போடலாமா?"

தாராளமாகப் போடலாம். ஆனால் பார்த்துத் தைத்து, பார்த்துப் போட வேண்டும்.

ஸ்காட்லாந்தின் ஹைலண்ட் மலைப் பகுதியில் கிளம்பிய 1745 கலகத்தை அடக்கிய கையோடு, 1746இல் லண்டன் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. ஸ்காட்லாந்தில் ஆணோ சிறுவனோ ஹைலண்ட் உடையில் நடமாடக் கூடாது. ராணுவத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. 1782இல்தான் அது நீங்கியது. அந்தச் சட்டத்தில் பெண்கள் பேச்சே இல்லை. அவர்கள் உடுத்தியது அரிசெய்ட் என்ற நீண்ட போர்வையை. ஆகவே கில்ட் ஆண்களின் உடையாகத்தான் வளர்ந்தது, அதை மறுக்கத் தேவையில்லை. ஆனால் 1822இல் அதை எடின்பரோவில் அணிந்து மறுபடி பெரிய இடத்து உடையாக்கிய மன்னர் நான்காம் ஜார்ஜ், லண்டனில் பிறந்தவர். 1930இல் லண்டன் பக்கத்து டேகன்ஹாமில் ஒரு பாதிரியார் சிறுமிகளைச் சேர்த்து பைப் பேண்ட் தொடங்கினார். ஸ்காட்லாந்துக்காரர்களும் இல்லை, ஆண்களும் இல்லை. கில்ட் கட்டிப் பல நாடுகளில் வாசித்தார்கள். அம்மாக்களிடம் நான் முதலில் சொல்வது இவர்கள் கதையைத்தான்.

எதிர்த்தவர்களும் உண்டு. ஸ்காட்லாந்தின் அபொய்ன் ஊர் விழாவில் 1950களில், பெண்கள் கில்ட்டில் ஆடக் கூடாது என்று அவர்களுக்குத் தனி உடையே வைத்தார்கள். அங்கே ஆடப் போகிறவர் அந்த ஊர் வழக்கப்படி உடுத்துவதுதான் மரியாதை. மற்ற மேடைகளில் ஹைலண்ட் ஃப்ளிங் ஆட்டமும் வாள் நடனமும் பெண்கள் கில்ட்டில்தான் ஆடுகிறார்கள். இன்று அந்தப் போட்டிகளில் பெண்பிள்ளைகளே அதிகம்.

அடுத்தது டார்ட்டன், அதாவது கட்டத் துணி. "நம்ம குலத்துக்கு உரிய கட்டம் எது?" என்று தேட வேண்டாம். ஸ்காட்லாந்திலேயே குலத்துக்கு ஒரு கட்டம் என்ற ஏற்பாடு பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில் உறுதிப்பட்டது. 1815இல் லண்டன் ஹைலண்ட் சங்கம் குலத் தலைவர்களிடம் அவரவர் கட்டத்தின் மாதிரியைக் கேட்டபோது, தங்களுடையது எது என்று தெரியாதவர்களும் இருந்தார்கள். யாரும் போடக்கூடியது பிளாக் வாட்ச்: கரும்பச்சை, கருநீலம். நம் நிறத்துக்கு அழகாக நிற்கும், அழுக்கும் தெரியாது. ஹண்டிங் ஸ்டீவர்ட்டும் நல்ல தேர்வு. விட்டுவிட வேண்டியது பால்மோரல், சாம்பல் நிறக் கட்டம். விக்டோரியா ராணியின் கணவர் ஆல்பர்ட் வடிவமைத்தது. அரச குடும்பத்துக்கு என்று வைத்திருக்கிறார்கள். 1999இல் ஸ்காட்லாந்துச் சீக்கியர் ஒருவர் சிங் என்ற பெயருக்கே ஒரு டார்ட்டன் செய்துகொண்டார். எடின்பரோவில் அரசுப் பதிவேடும் இருக்கிறது, புதிய கட்டத்தை வெளிநாட்டாரும் பதியலாம். பள்ளிகள் தங்கள் வண்ணத்தில் ஒன்றைச் செய்துகொண்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

ராணுவப் படைப்பிரிவுகளின் தொப்பி பேட்ஜ், பதக்கம், தோள் சின்னம் இவற்றை மட்டும் ஒட்டித் தரச் சொல்லாதீர்கள். நான் தருவதில்லை. அவை உழைத்து வாங்கியவை. எங்கள் ஊரில் இதை விளக்கவே வேண்டாம்; கப்பன் சாலையில் மானெக்‌ஷா மைதானத்துக் குடியரசு தின அணிவகுப்பைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள்.

இனி துணி. அசல் கில்ட்டுக்கு முறுக்கிய கம்பளி நூலில் நெய்த வொர்ஸ்டட், இரட்டை அகலத்தில் ஒரு கஜம் 13 அல்லது 16 அவுன்ஸ். பெரியவர் ஒருவருக்கு 8 கஜம் என்பது கணக்கு. கடையில் இரட்டை அகலத் துணியாக 4 கஜம் வாங்கி, நீளவாக்கில் இரண்டாக வெட்டி இணைப்போம். 16 அவுன்ஸ் துணியில் அதுவே 1.8 கிலோ வந்துவிடும். பெங்களூர் டிசம்பர் காலையில் சுகமாக இருக்கும், ஏப்ரல் மதியத்தில் முடியாது. பள்ளிகளுக்கு சிக்பேட்டையில் கிடைக்கும் பாலி விஸ்கோஸ் கட்டத் துணியில் தைக்கிறேன், சிறுமிகளுக்கு 5 கஜம் போதும். ஆனால் துணியைத் தொங்கவிட்டுப் பாருங்கள். கசக்கி விட்டதும் சுருக்கம் நின்றால் அது வேண்டாம், நடக்கும்போது மடிப்பு ஆடாது. கில்ட்டின் உயிரே அந்த ஆட்டம்தான்.

இரண்டு இடத்தில் அளவெடுக்க வேண்டும். இடுப்பு என்றால் ஜீன்ஸ் நிற்கும் இடம் இல்லை, தொப்புள் உயரம். அப்புறம் சீட், அதாவது பின்புறத்தின் மிக அகலமான இடத்தில். நீளம் இடுப்பிலிருந்து முழங்கால் சில்லின் நடு வரை. மண்டியிடச் சொல்லிப் பாருங்கள். ஓரம் தரையில் படியாமல் சற்றே மேலே நின்றால் சரி. துணியின் நெய்த கரைதான் கீழ் ஓரம், மடித்துத் தைப்பதில்லை. அதனால் பிறகு இறக்க வழியே கிடையாது, வெட்டுமுன் நீளத்தை முடிவு செய்துவிட வேண்டும். முழங்கால் தெரிவதில் சங்கடம் இருந்தால், பெண்களுக்கென்று கீழே இறங்கிய கில்ட் பாவாடை இருக்கிறது. துணி குறைவு, எடை குறைவு, பார்க்கவும் கண்ணியம். கல்யாணத்துக்குப் போகும் பெண்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். பைப் வாசிக்கிறவளுக்கும் ஆடுகிறவளுக்கும் முழு கில்ட்டே சரி.

பெண்ணுக்குத் தைப்பதில் வேறுபாடு இங்கேதான். இடுப்பு 28, சீட் 38 என்று வையுங்கள். பின்பக்கப் பாதியில் 25 ப்ளீட் (மடிப்பு) வந்தால், சீட்டில் ஒவ்வொரு ப்ளீட்டும் முக்கால் அங்குலம் தெரிய வேண்டும், இடுப்பில் அரை அங்குலத்துக்குச் சற்று மேல். ஒவ்வொன்றையும் மேலே போகப் போகக் குறுக்கிக் கையால் தைக்க வேண்டும். கட்டத்தின் ஒரு முழுச் சுற்று ஒவ்வொரு ப்ளீட்டுக்குள்ளும் போகும், வெளியே பார்த்தால் கட்டம் உடையாமல் ஓட வேண்டும். ஆண்களுக்கு இந்த வித்தியாசம் கொஞ்சம்தான், அதனால் ஆண் அளவைச் சின்னதாக்கிப் பெண்ணுக்குத் தைத்தால் பின்னால் விரிந்து நிற்கும். சில இடங்களில் இடுப்பில் எலாஸ்டிக் போட்டு முடித்துவிடுகிறார்கள். அந்தப் பிள்ளை மேடையில் ஒரு கையால் பாவாடையைப் பிடித்தபடி நடக்கிறாள், பார்க்கவே வருத்தமாக இருக்கும். தைக்கக் கொடுக்கும்போதே எலாஸ்டிக் வேண்டாம், தோல் ஸ்ட்ராப்பும் பக்கிளும் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

கட்டும் முறை: சேலைக் கொசுவம் முன்னால் வரும், கில்ட்டின் ப்ளீட் பின்னால். பழக்கதோஷத்தில் முன்னால் வைத்துக் கட்டுகிறவர்கள் உண்டு. விரித்து முதுகுப் பக்கம் வைத்து, உள்பக்கத் துண்டை வலமிருந்து இடமாகக் கொண்டுபோய், இடது இடுப்பில் இருக்கும் துளை வழியே ஸ்ட்ராப்பை விட்டு மாட்டுங்கள். பிறகு வெளித்துண்டை இடமிருந்து வலமாக மூடி, வலப்பக்க பக்கிள்கள் இரண்டையும் போடுங்கள். கில்ட் ஊசியை (பின்) வலது கீழ் மூலையில், மேல் துண்டில் மட்டும் குத்த வேண்டும். இரண்டையும் சேர்த்துக் குத்தினால் முதல் அடியிலேயே துணி கிழியும். உட்காரும்போது இரு கையாலும் பின்னால் தடவி ப்ளீட்டைச் சமன் செய்துவிட்டு உட்காருங்கள். உள்ளே கருப்பு ஷார்ட்ஸ் கட்டாயம். ஆண்கள் கில்ட்டுக்கு உள்ளே எதுவும் போடுவதில்லை என்ற அந்தப் பழைய கேலியை எந்தப் பெண்ணிடமும் யாரும் பேச வேண்டாம்.

முன்னால் தொங்கும் ஸ்போரன் பையை பேண்டில் வாசிக்கும் பெண் போடலாம், விருந்துக்குப் போகிறவளுக்குத் தேவையில்லை. காலுறையில் செருகும் சின்னக் கத்தி வேண்டவே வேண்டாம். கேபின் பையில் இருந்தால் விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். மாறுவேடப் போட்டிக்குச் சிவப்புத் தாடியோடு கில்ட் கேட்டு வருகிறவர்களுக்கு நான் தைப்பதில்லை. ஒரு காலத்தில் உடுத்தியதற்காகச் சிறைக்கு அனுப்பிய உடை அது.

கம்பளி கில்ட்டைத் தண்ணீரில் போடாதீர்கள், டிரை கிளீனிங்குக்குக் கொடுக்குமுன் ப்ளீட்டுகளின் மேல் நீளமான ஓட்டுத்தையல் போட்டுவிடுங்கள். இஸ்திரிக்கு ஈரத் துணி மேலே விரித்து அழுத்துங்கள், இழுக்காதீர்கள். அலமாரியில் கிளிப் ஹேங்கரில் மாட்டி அந்துருண்டை போடுங்கள். ஜூலையிலிருந்து அக்டோபர் வரை மாதம் ஒருமுறை நிழலில் காற்றாட வையுங்கள். ஊருக்கு எடுத்துப் போகும்போது ப்ளீட்டுகளைச் சேர்த்து நீளமாகச் சுருட்டி ஒரு பழைய நைலான் ஸ்டாக்கிங்கில் நுழைத்தால் மடிப்பு கலையாது. பிள்ளைக்கு இடுப்பு ஒன்றிரண்டு அங்குலம் கூடினால் புதிது தைக்க வேண்டாம். பக்கிளை நகர்த்தித் தைக்கச் சொல்லுங்கள், கால் மணி நேர வேலை.